பக்கத்து வீட்டுக்காரர் கொலையாளி ஆனது எப்படி? ருவாண்டா 1994: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1994 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு, ருவாண்டா அதிபர் ஜுவெனால் ஹபியாரிமானா வந்த விமானம் தலைநகர் கிகாலியில் தரையிறங்கும் வேளையில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே கொலைகள் தொடங்கின. ஏறத்தாழ நூறு நாட்களில் ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுபான்மையினரான டுட்சிகள். பெரும்பான்மையினரான ஹூட்டுக்களில் கொலைக்கு உடன்பட மறுத்தவர்களும் அவர்களோடு வெட்டப்பட்டார்கள். கொன்றவர்களில் இராணுவத்தினரும் உண்டு, இன்டரஹாம்வே என்ற ஆளுங்கட்சிப் படையினரும் உண்டு. ஆனால் தலைக்கணக்குப் பார்த்தால் அதிகம் இருந்தவர்கள் விவசாயிகள். கீழே உள்ள கேள்விகள் அவர்களைப் பற்றியவை.

"சாதாரண மனிதர்கள்" என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அதற்கு முன் யாரையும் கொன்றிராதவர்களை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஸ்காட் ஸ்ட்ராஸ், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற 210 பேரை 2002இல் ருவாண்டாவின் பல சிறைகளில் சந்தித்துப் பேசினார். அவர்கள் நாட்டின் மற்ற ஆண்களிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டவர்களாக இல்லை. பெரும்பாலோர் திருமணமானவர்கள், பிள்ளைகள் உள்ளவர்கள், சொந்த நிலத்தில் வாழையும் பீன்ஸும் பயிரிட்டவர்கள். வேலையற்ற இளைஞர் கூட்டம் வெறியாட்டம் போட்டது என்று நினைத்துக்கொள்வது நமக்கு ஆறுதல் தரலாம்; உண்மை அதுவன்று. டுட்சி அண்டை வீட்டாரோடு பழக்கம் எப்படி இருந்தது என்று கேட்டபோது, நன்றாகத்தான் இருந்தது என்றே பலரும் சொன்னார்கள். பெண் கொடுத்து பெண் எடுத்த குடும்பங்களும் அவர்களில் இருந்தன.

இப்படிக் கொலையில் இறங்கியவர்கள் 1,75,000 முதல் 2,10,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஸ்ட்ராஸின் மதிப்பீடு. வயதுவந்த ஹூட்டு ஆண்களில் ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவர். மிக அதிகமான எண்ணிக்கை இது. அதே வேளையில் மற்ற ஐந்தாறு பேர் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூட்டுக்களும் டுட்சிகளும் காலங்காலமாகப் பகைவர்கள்தானே?

இல்லை. இருவருக்கும் மொழி ஒன்று, கின்யருவாண்டா. கும்பிடும் கோயில் ஒன்று, பெரும்பாலும் கத்தோலிக்கத் தேவாலயம். குடியிருந்த மலைச்சரிவும் ஒன்று. முன்பு மாடும் மன்னராட்சியும் சார்ந்த வேறுபாடாக இருந்ததைப் பிறப்போடு கட்டிப்போட்டது பெல்ஜியக் காலனி ஆட்சி. 1930களில் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் இனம் எழுதப்பட்டது. விடுதலைக்குப் பின் வந்த ஹூட்டு அரசுகள் அந்த அட்டையை ஒழிக்காமல் வைத்துக்கொண்டன. 1994இல் சாலைத் தடுப்பில் நின்றவன் கேட்டது அந்த அட்டையைத்தான்.

1959 முதல் டுட்சிகள் மீது வன்முறைகள் நடந்தன, லட்சக்கணக்கானோர் அண்டை நாடுகளுக்கு ஓடினார்கள் என்பதும் உண்மை. அந்த அகதிகளின் பிள்ளைகள் உருவாக்கிய ருவாண்டா தேசபக்த முன்னணி 1990 அக்டோபர் 1 அன்று உகாண்டாவிலிருந்து படையெடுத்து வந்தது. அப்போது மூண்ட போர் இல்லாமல் 1994 நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. நூற்றாண்டுப் பகை என்ற விளக்கம் அந்த நான்கு ஆண்டுகளை மறைத்துவிடுகிறது.

அப்படியானால் வெறுப்பு ஒரு காரணமே இல்லையா?

மேலிடத்தில் இருந்தது, ஏராளமாக. அதைக் காசு செலவழித்து வளர்த்தார்கள். கங்குரா என்ற பத்திரிகை 1990 டிசம்பரில் ஹூட்டுக்களுக்கான பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. டுட்சிகளுக்கு இரக்கம் காட்டாதே என்பதும் அவற்றில் ஒன்று. 1993இல் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, டுட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றது. ஆனால் ஸ்ட்ராஸ் சந்தித்த, ஊருக்குள் வெட்டுக்கத்தி எடுத்தவர்களிடம் காரணம் கேட்டால், முதலில் வருவது வெறுப்பு அல்ல. மற்ற ஹூட்டுக்கள் கொடுத்த நெருக்கடியைச் சொல்கிறார்கள். அடுத்தபடியாகப் போரையும் பயத்தையும் சொல்கிறார்கள்: "அதிபரைக் கொன்றுவிட்டார்கள், அடுத்து நம்மைக் கொல்வார்கள்." சிறையில் இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள அப்படித்தானே சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான ஐயம். ஆனால் தண்டனை உறுதியாகி, குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டவர்கள் இவர்கள். வெவ்வேறு மாவட்டங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே வகையான நிகழ்வு வரிசையைத்தான் சொன்னார்கள்.

அந்த நிகழ்வு வரிசை என்ன? ஒரு மலையில் அது எப்படித் தொடங்கியது?

ருவாண்டாவில் வீடுகள் தெருத்தெருவாக இருப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் மலைச்சரிவில் தன் வாழைத்தோட்டத்துக்கு நடுவே வேலி போட்டுக் குடியிருக்கும். யார் வீட்டில் எத்தனை பேர், யாருடைய மனைவி எந்த இனம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நிர்வாகமும் அதே அளவு நெருக்கமானது. மாகாணத்தின் கீழ் கொம்யூன், அதன் கீழ் செக்டார், அதற்கும் கீழே சில நூறு பேருக்கு ஒரு செல்லுல். வீட்டுக்கு ஒருவர் வாரம் ஒரு முறை வந்து சாலை போட, வாய்க்கால் வெட்ட வேண்டும் என்ற உமுகாண்டா வழக்கத்தை ஹபியாரிமானா 1970களிலேயே அரசுக் கட்டாயமாக்கியிருந்தார். கூப்பிட்டால் ஆண்கள் கருவியோடு வந்து நிற்பது இருபது ஆண்டுப் பழக்கம்.

விமானம் விழுந்த செய்தி வருகிறது. யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று வானொலி சொல்கிறது. ஓரிரு நாளில் செல்லுல் அலுவலர் ஒரு கூட்டம் கூட்டுகிறார். எதிரி ஊருக்குள் ஊடுருவியிருக்கிறான், இரவுக் காவல் போட வேண்டும், வீட்டுக்கு ஒரு ஆண் வர வேண்டும். இதில் மறுக்க என்ன இருக்கிறது? சில இடங்களில் முதல் இரவுக் காவலுக்கு டுட்சி ஆண்களும் சேர்ந்தே போனார்கள்.

இரண்டு நாள் கழித்து, காவல் நிற்பது தேடுதலாக மாறுகிறது. இன்னார் வீட்டில் துப்பாக்கி ஒளித்து வைத்திருக்கிறார்களாம், போய்ப் பார்ப்போம். துப்பாக்கி இல்லை. ஆனால் வீடு சூறையாடப்படுகிறது, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து அறுத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இறைச்சி வாங்காமல் போனால் சந்தேகப் பார்வை. வாங்கினால் நீயும் கூட்டாளி. அடுத்த நாள் பஸ்ஸிலோ ஜீப்பிலோ வெளியிலிருந்து இன்டரஹாம்வே ஆட்களோ, இராணுவத்தினரோ வருகிறார்கள். டுட்சிகள் தஞ்சம் புகுந்த தேவாலயத்திலோ பள்ளியிலோ முதல் கையெறிகுண்டு வீசுவது அவர்கள். அதற்குப் பின்னால் நிற்கும் ஊர்க்கூட்டத்திடம் "வேலையை முடியுங்கள்" என்கிறார்கள். கொலைக்கு அந்த நாட்களில் வழங்கிய பெயர் அதுதான், வேலை.

பெரும்பாலும் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்தே கொன்றார்கள். ஒரு முதியவரைக் கொல்ல அத்தனை பேர் தேவையில்லை. எல்லோர் கையிலும் இரத்தம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பேர். தயங்கியவனை முன்னே தள்ளி முதல் அடியை அடிக்கச் சொன்ன நிகழ்வுகள் வழக்கு விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்த வரிசையில் எந்த இடத்திலும் ஒருவன் "நான் இன்று கொலைகாரன் ஆகப்போகிறேன்" என்று முடிவெடுத்துப் புறப்படவில்லை. நேற்று செய்ததைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இன்று கேட்கப்பட்டது. நேற்று செய்ததே இன்று மறுக்க முடியாததற்குக் காரணமும் ஆயிற்று.

மக்கள் வானொலியைக் கேட்டுத்தான் கொன்றார்கள் என்கிறார்களே?

வானொலியின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆர்டிஎல்எம் கிகாலியில் ஆட்களின் பெயரையும், அவர்கள் ஒளிந்திருந்த இடத்தையும் ஒலிபரப்பியது; அதைக் கேட்டு ஆட்கள் போய்க் கொன்றார்கள். அதை நடத்தியவர்களுக்கு தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 2003இல் தண்டனை விதித்தது. ஆனால் அதன் அலைவரிசை நாட்டின் பல மலைகளுக்கு எட்டவே இல்லை. அங்கும் கொலை நடந்தது. நேரில் வந்து கதவைத் தட்டிய ஆளின் குரலுக்கு எந்த ஒலிபெருக்கியும் ஈடாகாது.

மறுத்திருந்தால் அவர்களையும் கொன்றிருப்பார்கள் அல்லவா?

ருவாண்டாவில் சில வேளைகளில் ஆம். ஹூட்டுவான பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா ஏப்ரல் 7ஆம் தேதி காலையிலேயே கொல்லப்பட்டார். டுட்சிகளை ஒளித்து வைத்தவர்கள் கொல்லப்பட்டதும் உண்டு. ஆனால் கூட்டத்தோடு போகாமல் வீட்டில் இருந்துவிட்டவனுக்குக் கிடைத்தது பல இடங்களில் அபராதம், அடி, அல்லது பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை. பணம் கொடுத்துத் தப்பியவர்கள் இருக்கிறார்கள். நோய் என்று படுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒளித்து வைப்பதற்கான விலையையும், வெறுமனே ஒதுங்கியிருப்பதற்கான விலையையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

இதைத் தெளிவாகப் பார்க்க வேறொரு நாட்டு நிகழ்வு உதவும். 1942 ஜூலை 13 விடியற்காலை, போலந்தின் யூசெஃபுவ் ஊரில், நாஜி ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலிருந்து வந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் படைப்பிரிவு அணிவகுத்து நின்றது. ஏறக்குறைய 500 பேர். துறைமுகக் கூலிகள், லாரி ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், எழுத்தர்கள். பலருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. தளபதி மேஜர் வில்ஹெல்ம் டிராப் கண்ணீரோடு உத்தரவைச் சொன்னார்: ஊரிலுள்ள யூதப் பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சுட்டுக் கொல்ல வேண்டும். பிறகு, முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். விலகி முன்வந்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர்தான். அவர்களைத் தண்டிக்கவில்லை, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள், அவ்வளவே. அன்று மாலைக்குள் சுமார் 1,500 பேர் சுடப்பட்டார்கள். சிலர் நடுவில் நழுவினார்கள், பெரும்பான்மையினர் நழுவவில்லை. நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காக ஒரு ஜெர்மானியர் கொல்லப்பட்டார் என்பதற்குப் போருக்குப் பிந்தைய வழக்குகள் எதிலும் சான்று காட்ட முடியவில்லை.

பிறகு ஏன் விலகவில்லை? பல ஆண்டுகள் கழித்து நடந்த விசாரணையில் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, கோழை என்று பெயர் வாங்க விரும்பவில்லை என்பது. தோழன் சுமக்க வேண்டிய பாரத்தை நான் கழற்றிவிட்டுப் போவதா என்ற வெட்கம். சுடப்படுபவர்களைவிடப் பக்கத்தில் நிற்பவர்களின் பார்வை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் சரியானது என்றும் நினைக்கிறேன்.

மின்சார அதிர்ச்சிச் சோதனையைப் பற்றிச் சொல்வார்களே, அது இதை விளக்குமா?

ஓரளவுக்கு. ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை அது. அடுத்த அறையில் அலறும் ஒருவருக்கு (அவர் நடிகர், அதிர்ச்சி பொய்) மின்சாரம் பாய்ச்சச் சொன்னபோது, புகழ்பெற்ற ஒரு சுற்றில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணிக்கையை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு சுற்று. கூடவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் (அவர்களும் நடிகர்கள்) நடுவில் எழுந்து "எங்களால் முடியாது" என்றதும், 40 பேரில் கடைசிவரை போனவர்கள் நான்கு பேர் மட்டுமே.

ஆனால் அது ஒரு மணி நேரச் சோதனை. வெளியேறினால் இழப்பு எதுவும் இல்லை. வந்தவர்களில் பலர் நடுங்கினார்கள், வியர்த்தார்கள். ருவாண்டாவில் காலையில் விசில் ஊதிக் கூட்டி, மாலையில் வீட்டுக்குப் போய், மறுநாளும் வந்தார்கள். வாரக்கணக்கில். கீழ்ப்படிதல் என்ற ஒற்றைக் காரணத்தால் அதை விளக்க முடியாது.

முதல் கொலைக்குப் பிறகு என்ன மாறுகிறது?

நம்பிக்கை மாறுகிறது. எதிரியை மனிதன் அல்ல என்று முதலில் நம்பி, பிறகு கொல்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பலரிடம் அது தலைகீழாக நடந்தது. கொன்ற பிறகு, தான் செய்ததைத் தாங்கிக்கொள்வதற்காக அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உடலும் பழகிவிடுகிறது, யூசெஃபுவில் அன்றிரவு சாப்பிட முடியாமல் குடித்தவர்கள், சில மாதங்களுக்குள் அதே பணிக்கு முகம் சுளிக்காமல் போனார்கள். அந்த ஒரு படைப்பிரிவு சுட்டுக் கொன்றவர்கள் குறைந்தது 38,000 பேர்.

வறுமையும் நிலப்பசியும் காரணமா?

ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிக நெருக்கமான மக்கள்தொகை, துண்டு துண்டான நிலம், 1989இல் சரிந்த காப்பி விலை. இவையெல்லாம் இருந்தன. இறந்தவனின் நிலமும் கூரைத் தகடும் யாருக்கு என்பதில் கொலையாளிகளுக்குள் சண்டையும் நடந்தது. ஆனால் வறுமையும் நில நெருக்கடியும் 1985இலும் இருந்தன. அப்போது யாரும் யாரையும் இப்படி வெட்டவில்லை.

படித்தவர்களும் பெண்களும்கூட ஈடுபட்டார்களா?

ஆம். ஆர்டிஎல்எம் வானொலியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபெர்டினாண்ட் நஹிமானா வரலாற்றுப் பேராசிரியர். குடும்பநலம், மகளிர் முன்னேற்றத் துறை அமைச்சராக இருந்த பவுலின் நிராமசுஹுகோ, புடாரே மாகாணத்தில் கொலைகளிலும் பாலியல் வன்முறையிலும் வகித்த பங்குக்காக 2011இல் தண்டிக்கப்பட்டார். சர்வதேசத் தீர்ப்பாயம் ஒன்று இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டித்த முதல் பெண் அவர். மருத்துவர்கள், பாதிரியார்கள், ஆசிரியர்கள் பெயர்களும் பட்டியலில் உண்டு. கல்வி ஒருவரைத் தானாகக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிற நம் சமூகம் இதை நின்று கவனிக்க வேண்டும்.

உள்ளூர்த் தலைவர் ஒருவர் எதிர்த்திருந்தால் தடுத்திருக்க முடியுமா?

முடிந்தது. அதனால்தான் எனக்கு இந்தக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம்.

புடாரேயின் மாகாணத் தலைவர் ஜான் பாப்டிஸ்ட் ஹபியாலிமானா, அந்தப் பதவியில் இருந்த ஒரே டுட்சி. நாடு பற்றி எரிந்தபோதும் ஏறக்குறைய பத்து நாட்களுக்கு அவர் புடாரேயில் பெரும் கொலைகள் நடக்காமல் பார்த்துக்கொண்டார். ஹூட்டுக்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஏப்ரல் 19ஆம் தேதி இடைக்கால அதிபர் தியோடர் சிந்திகுப்வாபோ நேரில் வந்து, இங்கே வேலை நடக்கவில்லையே என்ற பொருளில் பேசினார். அடுத்த நாட்களிலேயே புடாரே பிணக்காடானது. ஹபியாலிமானாவும் பின்னர் கொல்லப்பட்டார்.

தாபா கொம்யூனின் தலைவர் ஜான் பால் அகயேசு முன்பு ஆசிரியராக இருந்தவர். ஏப்ரல் 18 வரை அவரும் கொலையைத் தடுத்தார். அன்று இடைக்கால அரசின் தலைவர்களோடு ஒரு கூட்டம் நடந்தது. திரும்பி வந்தவர் வேறு ஆள். கொம்யூன் அலுவலகத்தைச் சுற்றியே கொலைகளும் பெண்கள் மீதான கூட்டு வன்முறையும் நடந்தன. தாபாவில் குறைந்தது 2,000 பேர் கொல்லப்பட்டார்கள். 1998 செப்டம்பர் 2 அன்று, இனப்படுகொலைக்காகச் சர்வதேசத் தீர்ப்பாயம் ஒன்று வழங்கிய முதல் தீர்ப்பில் அவர் குற்றவாளி. தடுக்கத் தெரிந்தவர், தடுத்தும் காட்டியவர். பதவியா, ஊர் மக்களா என்ற கேள்வி வந்தபோது பதவியைப் பிடித்துக்கொண்டார்.

வடக்கே பியும்பா மாகாணத்தின் கிதி கொம்யூனில் இனப்படுகொலை நடக்கவே இல்லை. அதன் தலைவர் எதுவார்ட் செபுஷும்பா, மாடு திருடி அறுத்தவர்களை முதல் நாட்களிலேயே பிடித்து அடைத்தார். தேசபக்த முன்னணி படை அங்கே சீக்கிரம் வந்து சேர்ந்ததும் உதவியது. இருந்தாலும் அந்தச் சில நாட்கள் சும்மா கடந்துவிடவில்லை. மாட்டைத் தொட்டவனைப் பிடித்ததால், மனிதனைத் தொடும் கட்டம் வரவில்லை.

ஒரே ஆள் கொன்றும், காப்பாற்றியும் இருக்க முடியுமா?

இருந்தார்கள். பகலில் கூட்டத்தோடு கொல்லப் போனவன், தன் மனைவியின் தம்பியையோ பழைய நண்பனின் மகளையோ வீட்டுப் பரணில் ஒளித்து வைத்தான். தனியாகப் பார்த்தபோது போய்விடு என்று விட்டவன், கூட்டத்தோடு பார்த்தபோது வெட்டினான். இரக்கம் அவனிடம் செத்துப்போகவில்லை என்பதை இது காட்டுகிறது. அதனாலேயே அவன் குற்றம் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

முழுமையாக மறுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

பொதுவான இலக்கணம் சொல்ல முடியாது. ருஹாங்கோ பகுதியில் ஜூரா கருஹிம்பி என்ற முதிய நாட்டு வைத்தியர் (பெண்) இருந்தார். பேய் ஓட்டுபவர், மாந்திரீகம் தெரிந்தவர் என்று ஊரில் பயம். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தன் சிறு வீட்டிலும் தோட்டத்திலும் ஒளித்தார். கொலைக்கூட்டம் வந்தபோது, தொட்டால் அரிக்கும் பச்சிலைச் சாற்றை வீட்டிலும் தன் மேலும் பூசி, வளையல்களைக் குலுக்கி, உள்ளே வந்தால் ஆவிகள் உங்களை விடாது என்று மிரட்டினார். அவர்கள் வரவில்லை. 2018 டிசம்பரில் அவர் காலமானார்.

சூழ்நிலைதான் காரணம் என்றால், அவர்களை எப்படிக் குற்றவாளி என்பது?

காரணத்தைப் புரிந்துகொள்வதால் குற்றம் கழுவப்படுவதில்லை. ஒரே மலை, ஒரே கூட்டம், ஒரே வானொலி. ஒருவன் அபராதம் கட்டிவிட்டு வீட்டிலிருந்தான், இன்னொருவன் போனான். சூழ்நிலை இருவரையும் ஒரே அளவுதான் நெருக்கியது. கொலையாளியை அரக்கன் என்று சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன். அரக்கனுக்கு வேறு வழி கிடையாது. இவர்களுக்கு இருந்தது.

கொன்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

1990களின் இறுதியில் ருவாண்டாச் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றத்தில் எல்லோரையும் விசாரிக்க நூறாண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டு, ஊர்ச்சபை வழக்கத்தைத் தழுவிய கச்சாச்சா நீதிமன்றங்களை அரசு அமைத்தது. புல்வெளியில் பெஞ்சு போட்டு, ஊராரே தேர்ந்தெடுத்த நடுவர்கள், வழக்கறிஞர் இல்லாமல், ஊர் கேட்க விசாரித்தார்கள். 2012 ஜூனில் மூடப்படும்வரை அவை ஏறக்குறைய இருபது லட்சம் வழக்குகளைப் பார்த்தன. அவற்றில் பெரும்பகுதி கொள்ளை வழக்குகள். குறைகள் நிறைய: பொய்ச்சாட்சி, பழிவாங்கல், தேசபக்த முன்னணியின் வீரர்கள் செய்த கொலைகள் அங்கே எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. ஆனால் பல குடும்பங்களுக்குத் தம்மவர் எந்தக் குழியில் கிடக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியவந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடல் கிடக்கும் இடத்தைச் சொன்னவர்களுக்குத் தண்டனை குறைந்தது. அப்படிச் சொன்னவர்களிலும் பலர் "நாங்கள் கொன்றோம்" என்றார்களே தவிர, "நான் கொன்றேன்" என்று சொல்ல வைக்க நடுவர்கள் நெடுநேரம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

நீண்ட தண்டனை பெற்றவர்கள் இப்போது விடுதலையாகிறார்கள். பெரும்பாலோருக்குப் போக வேறு இடம் இல்லை. அதே மலைக்கு, தாங்கள் கொன்றவர்களின் பிள்ளைகள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் திரும்புகிறார்கள்.